நரம்பு என்ற ஒரு வார்த்தை

உள்ளதைச் சொன்னதற்காக ஒருத்தனைப் பதினொரு வருஷம் திட்டலாமா? இதுதான் மச்சினனின் மனத்தாங்கல். அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் டாக்டர் சொன்ன வார்த்தை.

இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை. முதல் நாற்காலி மாமாவுடையது, அதாவது மச்சினனின் அக்கா புருஷனுடையது. கதவோரத்து நாற்காலி மச்சினனுக்கு. கடை திறந்ததும் நிற்க ஆரம்பித்தால் சாத்தும்வரை மாமா உட்கார மாட்டார். "இன்னைக்கு உக்காந்துக்கிட்டு முடி வெட்டுறவன் நாளைக்குப் படுத்துக்கிட்டு ஷேவ் பண்ணுவான்" என்பது அவர் கொள்கை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், ஒருவர் காதோரம் கத்தி வைத்திருந்தபோது மாமாவுக்கு இடுப்பிலிருந்து குதிகால்வரை சுரீரென்று வலி ஓடியது. கத்தி நின்றது. நல்லவேளை, காதும் நின்றது. முதுகெலும்பில் நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர். மாத்திரையை விடக்கூடாது, தினமும் நடக்க வேண்டும், சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அக்கா அன்றைக்கே ஸ்டூல் வாங்கி வந்தாள். மாமா அதன்மேல் துண்டுகளை அடுக்கினார்.

அவர் படுத்திருந்த இரண்டு நாளும் "எங்கப்பா உங்க மாமா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் மச்சினன் சொன்னான்: "நரம்புப் பிரச்சினை."

அவ்வளவுதான். 'நரம்புத் தளர்ச்சியா? ரகசியம் காக்கப்படும்' என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டிய தெருவில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.

மூன்றாம் நாள் மாமா வந்து நின்றதும் கடையே அவரை இழவு வீட்டுக்காரரைப் போலப் பார்த்தது. இரும்புக்கடைக்காரர் முகம் நிறைய நுரையோடு அவர் கையைப் பிடித்தார். "மனசைத் தளர விடாதீங்கண்ணே. என் சகலைக்கும் இருந்துச்சு. இப்ப ரெட்டைக் குழந்தை."

"இடுப்பு வலிக்கும் குழந்தைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இடுப்பு வலின்னே வச்சுக்குவோம்." ஒரு பொட்டலம் மாமாவின் சட்டைப்பைக்குள் போனது. "பால்ல கலந்து சாப்பிடுங்க. வீட்ல தெரிய வேண்டாம்."

வீட்டில்தான் முதலில் தெரிந்தது. துவைக்க எடுத்த சட்டையில் பொட்டலத்தைப் பார்த்த அக்கா, கதையைக் கேட்டுவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று தெருவுக்குக் காட்ட, மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வாரம் விறைப்பாக நின்றார். நாலாவது வாரம் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தார். பாதம் மரத்துவிட்டது.

"இப்படியே நின்னீங்கன்னா அப்புறம் நிக்கவே முடியாது. கடைய மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள், இரும்புக்கடைக்காரர் உட்பட. மாமா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "யாருய்யா முதல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கத்தி அவர் கையில்.

மாத்திரை, நடை, ஸ்டூல் என்று எட்டு மாசமானது பாதத்தில் உணர்ச்சி திரும்ப. இன்றும் குளிர் நாளில் குதிகாலில் எறும்பு ஊரும். அப்போதெல்லாம் மச்சினனுக்குத் திட்டு விழும்.

போன வாரம் ஸ்டூலின் சக்கரம் தேய்ந்து கழன்றது. மாமா பணத்தை எடுத்து நீட்டினார்.

"மாப்ள, புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா. கடைக்காரன் எதுக்குன்னு கேட்டா, உக்காரன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."