ஜிம்மியைத் திருத்திய சூப்பர்வைசர்

முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாட்டில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் ராஜசேகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்; ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் செகண்ட் ஷிப்ட். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களைத் திருத்தியே சம்பளம் வாங்கியவர். மகளைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்தபின் வீட்டில் திருத்துவதற்கு மனைவி வசந்தா ஒருத்திதான் மிச்சம். அவளும் என்றைக்கோ திருந்திவிட்டாள், வாயே திறப்பதில்லை. ஆகவே தொண்ணூற்றொன்றில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டியை வாங்கி வந்தார்.

ஜிம்மி என்று பெயர் வைத்தார். மனிதர்களிடம் மெட்ராஸ் தமிழ் பேசுகிறவர், அதனிடம் மட்டும் இங்கிலீஷ்தான். "சிட்! கோ! ஷட் அப்!" கூடத்தில் மூத்திரம் போனதற்கு அதன் மூக்கை அதிலேயே தேய்த்தார். ஜிம்மி புத்திசாலி; மறுநாளிலிருந்து அவர் கண்ணில் படாமல் பீரோவுக்குப் பின்னால் போனது. செருப்பைக் கடிக்கிறது என்று வீட்டிலிருந்த செருப்புக்கெல்லாம் வேப்பெண்ணெய் தடவினார். ஜிம்மி ஒரு செருப்பையும் விடவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் யாரும் உட்காரவில்லை. இந்த லட்சணத்தில், நாய் பூனை வளர்ப்பவர்களை எல்லாம் படிக்கட்டில் நிறுத்தி யோசனை வேறு சொல்வார்.

குரைப்பதுதான் பெரிய வழக்காகிவிட்டது. படிக்கட்டில் காலடி கேட்டால் ஜிம்மி குரைக்கும். உடனே இவர் கதவருகே ஓடி, அதைவிட உரக்க, "ஷட் அப் ஜிம்மி! ஷட் அப்!" என்பார். துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அது வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் குரைக்கும்.

கீழ்வீட்டுப் பூங்காவனத்தின் புருஷன் ஆவடியில் ஒரு கிடங்குக்கு இரவு வாட்ச்மேன். பகலில் தூங்கினால்தான் பிழைப்பு. "தூக்கம் இல்லாம அந்த மனுசன் சாவுறாரு. நாயி இருக்கணுமா, நாங்க இருக்கணுமா, இன்னா சொல்றீங்க?" என்று அவள் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. ஒரு மாதத்தில் குரைப்பு நிற்காவிட்டால் நாயை வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்று வசந்தா சாப்பிடவில்லை. அந்த வீட்டில் அவள் பேசினால் காது கொடுத்துக் கேட்ட ஜீவன் அது ஒன்றுதான்.

"நான் திருத்திக் காட்றேன் பாரு" என்ற ராஜசேகரன், வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த லீவில் மூன்று வாரத்தை எடுத்து, நாயோடு வீட்டிலேயே உட்கார்ந்தார். கம்பெனி வழக்கப்படி ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. பால்காரர், ஆறு நிமிஷம். தபால்காரர், நாலு நிமிஷம். நாய் குரைத்ததை எல்லாம் குறித்தவர், தான் கத்தியதை எழுதவில்லை. என் தலைவலியையும் எழுதவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு, கீழே தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கூட்டம். சங்கத் தலைவர் ராஜசேகரனின் நோட்டை வாங்கிப் படிக்கப் படிக்க வசந்தாவின் முகம் செத்துப்போனது. பூங்காவனம்தான் குறுக்கே வந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். இவரு காலைல வேலைக்குப் போற வாரத்துல எங்க ஊட்டுக்காரரு நல்லாத்தான் தூங்கறாரு. செகண்ட் ஷிப்டு வாரத்துல, இவரு ஊட்ல கீறப்பதான் ரோதனை. இந்த மூணு வாரம் கேக்கவே வாணாம்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் வசந்தாவைப் பார்த்தார்கள். அவள் மெல்ல எழுந்தாள்.

"நான் மட்டும் இருந்தா ரெண்டு தபா கொலைக்கும். 'வாடா கண்ணு'ன்னு மெதுவா கூப்ட்டுகினு சமையக்கட்டுக்குப் போவேன். பின்னாலயே வந்துரும்."

"நீ இன்னாடி பேசற? ஷட் அப்!" என்று ராஜசேகரன் கத்தினார்.

இரண்டாவது மாடியிலிருந்து ஜிம்மி குரைத்தது.

அவர் அண்ணாந்து, "ஷட் அப் ஜிம்மி!" என்றார். அது இன்னும் உரக்கக் குரைத்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வசந்தா சிரிக்கவில்லை.

"நீங்க கத்துனா அதுவும் கூட சேந்து கத்துது. நான் இருவத்தி நாலு வருசமா கத்தல. அதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பேனாவை எடுத்துப் பழைய தீர்மானத்தை அடித்துவிட்டார். வசந்தா மேலே போய்க் கதவைத் திறந்ததும் குரைப்பு நின்றது. ராஜசேகரன் நோட்டோடு கீழேயே நின்றிருந்தார். அன்றைக்கு அதில் அவர் எதையும் எழுதவில்லை.