பிரம்பு இறக்கையோடு எப்படிக் குனிவது?

ஜப்பான்காரன் காலத்தில் நான் சிங்கப்பூரில் டிராபிக் கான்ஸ்டபிள். சிராங்கூன் ரோடும் புக்கிட் தீமா ரோடும் சேரும் சந்தியில் டூட்டி. இப்போது சிக்னல் விளக்கு செய்கிற வேலையை அன்று என் முதுகு செய்தது. பிரம்பில் பின்னிய நீள இறக்கையை முதுகில் குறுக்காகக் கட்டிவிடுவார்கள். கை தூக்கவே வேண்டாம், உடம்பைத் திருப்பினால் போதும். என் முகமோ முதுகோ தெரிந்தால் நீ நிற்க வேண்டும். என் விலா தெரிந்தால் போகலாம். மாட்டுவண்டிக்காரன் முதல் லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் இது அத்துப்படி.

ஜப்பான்காரன் வந்து இன்னொரு சட்டம் போட்டான். அதிகாரியின் கார் வந்தால் அதைப் பார்த்துத் திரும்பி, இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். இந்த இரண்டும் மோதிக்கொள்ளும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

1. அறை வாங்கினேன்

ஒரு நாள் காலை சிராங்கூன் ரோட்டில் ஒரு கேப்டனின் கார் வந்தது. பயபக்தியோடு அதைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தேன். என்ன ஆயிற்று? இறக்கை காரை 'நில்' என்றது, ஆனால் அதிகாரியின் கார் அதற்கெல்லாம் நிற்காது. பக்கத்து ரோட்டுக்கு என் விலா தெரிந்தது. அங்கே மரவள்ளிக்கிழங்கு வண்டியோடு நின்ற காத்தமுத்து, நான் போகச் சொல்லிவிட்டதாக நினைத்து மாட்டைத் தட்டிவிட்டான். கார் கிறீச்சென்று மாட்டின் மூக்குக்கு முன்னால் நின்றது.

"பாகேரோ!" என்று அவன் பாஷையில் முட்டாள் பட்டம் கட்டிக் கத்திக்கொண்டே கேப்டன் இறங்கி வந்து விட்ட அறையில் என் காது 'ங்கொய்' என்றது.

எங்கள் இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு டோக்கியோவிலயிருந்து பெரிய மந்திரி வாறார் ஐசே. பாடாங் மைதானத்தில கூட்டம். அவற்ற கார் உம்மட சந்தியாலதான் போகும். திரும்பவும் இப்பிடி நடந்தால் உம்மட தலையும் போகும், என்ர தலையும் போகும்."

"வேற ஆளப் போடுங்க சார்."

"எங்க ஆள்? எல்லாரையும் பாடாங்குக்கு இழுத்துப்போட்டாங்கள்."

"அப்ப நான் குனியாம நிக்கிறேன் சார்."

"குனியாட்டியும் தலை போகும்!"

வீட்டில் கைக்குழந்தை.

2. மாட்டுக்கொட்டகையில்

அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? நேரே பஃபலோ ரோட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்க் காத்தமுத்துவைப் பிடித்தேன்.

"ஏன்டா, நான் குனிஞ்சா கண்ண மூடிக்கிட்டு வண்டிய விட்டுடுவியா?"

"என்னைய ஏண்ணே ஏசுறீங்க? நீங்க திரும்புனா நான் போகணும். அதானே பழக்கம்? நானும் ஒங்களோட சேந்து குனிஞ்சிருந்தா வண்டி எப்படிண்ணே ஓடும்?"

"அடேய்! இன்னொரு தடவ சொல்லு!"

சொன்னான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொட்டகையிலிருந்த வண்டிக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். "நாளைக்கு என் சந்திக்கு வர்றவன், கார் சத்தம் கேட்டதும் வண்டிய விட்டு எறங்கணும். மாட்டுக்கு முன்னால நின்னு, மூக்கணாங்கயித்தப் புடிச்சுக்கணும். நான் குனிஞ்சா நீங்களும் குனியணும். புரிஞ்சுதா?"

"மாடு குனியாதேண்ணே," என்றான் ஒருத்தன். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

3. பெரிய மந்திரி வந்தார்

மறுநாள் கொடி கட்டிய கார்கள் வரிசையாக வந்தன. நடைபாதையில் கூட்டம் நெருக்கியது. நான் காரைப் பார்த்துத் திரும்பினேன், குனிந்தேன். தொப்பிக்குக் கீழே ஓரக்கண்ணால் பக்கத்து ரோட்டைப் பார்த்தேன். காத்தமுத்து முதல் கடைசி ஆள் வரை கயிற்றைப் பிடித்தபடி வளைந்து நின்றார்கள். மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒரு சக்கரம்கூட நகரவில்லை! கார்கள் விர்ரென்று போய்விட்டன.

கடைசிக் காரில் என்னை அறைந்த கேப்டன். குனிந்து நின்ற வண்டிக்காரர்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினான். மரியாதை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவர்களோ தங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நினைக்கட்டும், எனக்கென்ன நஷ்டம்?

இன்ஸ்பெக்டர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கெட்டிக்காரன் ஐசே நீர்!"

4. அதே சந்தி

சண்டை முடிந்து ஜப்பான்காரன் சரணடைந்தபின் ஒரு காலை. அதே சந்தி, அதே இறக்கை. சிராங்கூன் ரோட்டில் ஜப்பானியக் கைதிகள் வரிசையாக நடந்து வந்தார்கள். முன்னால் இடுப்பில் வாள் இல்லாத ஓர் அதிகாரி. பக்கத்து ரோட்டில் காத்தமுத்துவின் கிழங்கு வண்டி.

நான் நிமிர்ந்தபடியே வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். இறக்கை 'நில்' என்றது. அதிகாரி நின்றான். அவன் பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள்.

காத்தமுத்து பழக்கதோஷத்தில் வண்டியை விட்டு இறங்கப் பார்த்தான். "குனியணுமாண்ணே?"

"ஏறி உக்காரு லா! ஒனக்குத்தான் ரோடு!"

சந்தி முழுக்கக் கைதட்டியது. வண்டி கைதிகளின் மூக்குக்கு முன்னால் ஆடி அசைந்து போனது. நான் அவசரப்படுத்தவில்லை.

டிராபிக் டூட்டிக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். காருக்குள் யார் இருக்கிறார் என்று பார்த்துத் திரும்பாதீர்கள். எந்தப் பக்கம் ஆள் காத்திருக்கிறான் என்று பார்த்துத் திரும்புங்கள்.