பெயர் சொல்லாத குரல்கள்

காலையில் டெலிபோன் போர்டின் பேசும் குழலை ஓடிகொலோன் நனைத்த துணியால் துடைப்பது குணமணியின் வேலை. பியூனிடம் விடமாட்டாள். துறைமுகக் கரையோரம் காலியர் கீ தெருவில் இருந்த அந்தக் கப்பல் ஏஜென்சியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆபரேட்டர் நாற்காலி அவளுடையதுதான். 1962இல் வயிற்றில் ஏழு மாதம். பிரசவ லீவில் போவதற்குள் ஜைனப் என்ற புதுப்பெண்ணுக்கு வேலை பழக்கச் சொன்னார்கள்.

வயர் செருகுவது, லைன் மாற்றுவது, வெளியூர் கால் கேட்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றைத் தவிர.

ஏஜென்சி மூலம் சரக்கு ஏற்றும் மார்க்கெட் ஸ்திரீட் வியாபாரிகள் போனில் பெயர் சொல்வதில்லை. பெயர் கேட்பது அவர்களுக்கு அவமரியாதை. ஒருவர் தொண்டையைச் செருமுவார். இன்னொருவர் கடைப்பையனைத் திட்டி முடித்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வந்ததுமே குணமணி, "வணக்கம் அழகப்பன் ஐயா" என்பாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒருநாள் அந்த "ம்" வந்தபோது ஜைனப், "யார் பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"இத்தனை வருஷமா சரக்கு ஏத்துறேன், என்னையே யாருன்னு கேக்குறியா?"

போன் டக்கென்று விழுந்தது. அந்த வாரச் சரக்கு வேறு ஏஜென்சிக்குப் போனது.

"பக்கத்துலதானே இருந்தீங்க அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றாள் ஜைனப், கண் கலங்க.

"உன்னில கோவமில்லை, பிள்ளை. டைப்பிங்கில மனோரஞ்சிதம் எண்டு ஒருத்தி இருந்தவ. எல்லாத்தையும் பழக்கிப்போட்டுத்தான் பிள்ளைப்பேறுக்குப் போனவ. திரும்பி வந்தா, பழகினவள் அவவின்ர கதிரையில ஏறி இருக்கிறாள். இப்ப வீட்டில சட்டை தைக்கிறா."

மத்தியானம் தலைமைக் கிளார்க் சேதுபதி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏன் குணமணி, அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்தா என்ன? அழகப்பன் என் காதைத் தின்னுட்டாரு."

"ஒரு கிழமையில, ஏழே நாளில, எல்லாரின்ர குரலையும் பழக்கிவிடுறன், சேர். நான் வரும்வரைக்கும் கதிரை எனக்குத்தான் எண்டு ஒரு கடிதம் தாங்கோ."

"என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?"

"மனோரஞ்சிதம் நம்பினவ."

"கடிதம் குடுக்கிற பழக்கமெல்லாம் இங்க கிடையாது."

"குரல் பழக்கிறதும் என்ர வேலையில எழுதியில்லையே, சேர்." அவள் குரலில் சூடு இல்லை. "தருவீங்களோ?"

சேதுபதி பேனா மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். பேனா தாளைத் தொடவில்லை. குணமணி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.