மஞ்சள் போர்வை

பாறசாலையில் நான்கு கடைக் கட்டடம், இரண்டு மாடி வீடு, குளத்தூரில் ஒரு மரக்கடை. நாலாம் வகுப்பு தாண்டாத நான் தலைச்சுமை சுமந்து இத்தனையும் உண்டாக்கினேன். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிமெண்டில் என் பெயர் இருக்கிறது.

என் மகள் என் பேச்சைக் கேட்காமல் பாலராமபுரத்தில் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அவள் உண்டாகியிருப்பது தெரிந்ததும் என் மனைவி மஞ்சள் உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாக உட்கார்ந்தாள். பேரப்பிள்ளை பிறந்த வாரம் போர்வை முடிந்தது. ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பூ.

"நாளைக்கு கொண்டு குடுத்திட்டு வாறேன்" என்றாள்.

"எனக்க படி தாண்டிப் போனவளுக்கு இங்கேருந்து ஒரு நூலும் போவாது" என்று அதைப் பிடுங்கினேன். கடைசி முடிச்சை அறுத்து இழுத்தேன். குரோஷா வேலை அப்படி. ஒரு நுனி கிடைத்தால் முழுவதும் கூடவே வந்துவிடும்.

அவள் தடுக்கவில்லை. "நாலு கட்டடம் கெட்டின கையாக்கும். அவுத்துப் போடவும் நல்ல வேகம் உண்டு" என்றாள். நூலை உருண்டையாகச் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். பிறகு ஊசியைத் தொடவே இல்லை. மறுமாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

அடக்கத்துக்குக் கைக்குழந்தையோடு வந்த மகள் அந்த டப்பாவைத் திறந்தாள். "பாருங்கப்பா, அம்மை எனக்க பிள்ளைக்கு பின்னுகதுக்கு நூலு வாங்கி வச்சிருக்கா. தொடங்கதுக்கு முன்னே போயிட்டாளே" என்று அழுதாள். நூலில் பின்னலின் சுருக்கம் இன்னும் மாறவில்லை. நான் டப்பாவை வாங்கி மூடி வைத்தேன்.

மக்களே, அன்றைக்கு உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் அம்மை அதைத் தொடங்கினாள், முடித்தாள், பூவும் வைத்தாள். அவிழ்த்தது நான். நான் செய்தவற்றில் இதையும் சேர்த்துச் சொல்; என் பெயரை விட்டுவிடாதே.