ஆட்டுக்கு விதியில்லை

என் மூத்த மகள் பிறந்த ஐப்பசியில், சூறைக்காற்று எங்கள் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எனக்கோ காய்ச்சல், பிள்ளைக்குத் தாய்ப்பால் போதவில்லை. அவசரக் கஷ்டத்துக்கு உதவும் சபை நிதியிலிருந்து ஓலை வாங்கித் தரலாமென்று போதகரும் மூப்பரும் வந்தார்கள்.

"ஓலையை என் அண்ணன் தருவான் ஐயா. எனக்கு ஒரு கறவை ஆடு வேணும்" என்றேன்.

நிதியின் விதிகளை மனப்பாடமாய் வைத்திருந்த மூப்பர் என்னைப் பார்த்துத் திகைத்தார். "ஆட்டுக்கு விதியில்லையே, மக்களே!"

"மருந்துக்கு உண்டுல்லா? பிள்ளைக்கு அதுதான் மருந்து."

போதகர் சிரித்துவிட்டார். "சரிதான். ஆட்டை வாங்கிக் கொடும் ஓய்!"

மறுநாள் மூப்பரே திங்கள்சந்தையிலிருந்து ஆட்டை இழுத்து வந்தார். வழியில் அது அவருடைய மேல்துண்டில் பாதியைத் தின்றிருந்தது.

"உன் மருந்துக்கு நல்ல பசி!" என்றார்.

அன்று மாலை என் மகள் வயிறு நிறையக் குடித்துத் தூங்கினாள்.