நாலு பேருக்கு மிளகுக் கோழி

தான் தனியாக இருப்பதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று அறிய விரும்புகிறவர்கள், யுத்த காலத்து மடவளையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, துப்பறியும் நாவலைப் பார்த்துச் சமைத்திருக்க வேண்டும். நான் சமைத்தேன். அதன் விளைவுகளில் வயிற்றைப் பற்றியவை ஆறிவிட்டன.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டிக் கந்தோர் ஒன்றில் கிளார்க் வேலை பார்த்தவன் நான். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்பு நகரத்திலேயே ஓர் அறை இருந்தது. கலவரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்காரருக்குத் திடீரென்று கூரை திருத்தும் ஆசை வந்துவிட்டது. கூரை கடைசிவரை திருத்தப்படவில்லை, நான் மட்டும் அகற்றப்பட்டேன். பிறகு நகரத்துக்கு வெளியே மடவளையில், கணவரை இழந்த ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியை ஒருவரின் வீட்டு மாடி கிடைத்தது. ஊரே அவரை டீச்சர் என்றது, நானும் அப்படியே.

டீச்சர் வீட்டு முன்கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படிவம் தொங்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குக் கொடுத்த பட்டியலின் பிரதி. முதல் வரியில் டீச்சர், இரண்டாவதில் நான், கீழே நாலு வரி காலி. பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் அந்த ஆளோடு சேர்த்து, கையெழுத்துப் போட்டவரும் ஜீப்பில் ஏற வேண்டும். அந்த நாட்களில் கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் என் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். அது பத்திரமாக இருக்கிறதா என்ற அக்கறைதான் போலும்.

இந்த நிலையில்தான் அக்காவின் கடிதம் வந்தது. அத்தான் வெளிநாட்டில். அக்காவும் நாலு வயது மகளும் வவுனியா வரை வந்துவிட்டார்கள். பாஸ்போர்ட் வேலை முடியும்வரை கொழும்பு லொட்ஜில் கிடக்கப் பயமாக இருக்கிறது, மூன்று கிழமை உன்னோடு வந்து நிற்கட்டுமா என்று கேட்டிருந்தாள். உறையின் பின்புறத்தில் பிள்ளை சிவப்புப் பென்சிலால் ஒரு கோழியோ மாடோ வரைந்திருந்தது. நான் ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, வீட்டுக்கார அம்மா சம்மதிக்கிறார் இல்லை, பொலிஸ் கரைச்சல் என்று பதில் எழுதினேன். டீச்சரிடம் நான் கேட்கவே இல்லை. கடிதத்தின் முடிவில் ‘சுகம் அறிய ஆவல்’ என்று போட்டேன். ஆவல் உண்மைதான்.

மனச்சாட்சி உறுத்தும்போது சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் நூல்நிலையத்துக்குப் போனேன். கண்டி நகரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில், ஈரத்தில் ஊதிப்போன புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கும் ஓர் இடம். அங்கேதான் என் அபிமானத் துப்பறியும் வரிசை எட்டுப் பாகமாக இருந்தது. தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் கோர்ட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தும் சமையல்காரர்தான் துப்பறிபவர். சந்தேகப்படும் ஆளை உட்கார வைத்து இலை போடுவார். குற்றவாளி ரசம் வருவதற்கு முன் எழுந்துவிடுவான். எனக்கு முன் வாசித்த ஒரு புண்ணியவான் எல்லாப் பாகங்களிலும் ஆறாம் ஏழாம் பக்கத்திலேயே யாராவது ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு ‘இவன்தான்’ என்று எழுதி வைத்திருந்தார். எட்டில் மூன்று சரி. மற்ற ஐந்திலும் அவர் அதே உறுதியோடுதான் எழுதியிருந்தார்.

அந்தச் சமையல்காரர் சமைப்பது பக்கம் பக்கமாக வரும், அளவு மட்டும் வராது. மிளகைத் தேவைக்குப் போட்டார், பதம் வந்ததும் இறக்கினார், அவ்வளவுதான். கொலையைக் கண்டுபிடிக்கத் தடயம் கொடுத்த ஆசிரியர் குழம்பைக் கண்டுபிடிக்க ஒன்றுமே கொடுக்கவில்லை. நான் குறித்து வைக்க ஒரு கொப்பி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சமையலை மீட்டெடுக்கத் தொடங்கினேன். கடையில் நாற்பது பேர் சாப்பிடுவார்கள் என்று முதல் பாகத்தில் வருகிறது. நாற்பது பேருக்கு நானே ஊகித்த அளவை நாற்பதால் பிரித்தால் கால் கிராம்பும் ஒரு நூல் கறுவாப்பட்டையும் மிஞ்சின. பத்தால் பிரித்தால் எல்லாம் முழுசாக வந்தது. ஆகவே நாலு பேருக்கு. கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கிளார்க்மார் மட்டுமே இப்படி ஒரு தப்பைச் செய்வார்கள்.

மிளகுக் கோழியின் செய்முறையை, பின்னால் அது ஒரு சாட்சியாக மாறுவதால், இங்கே தருகிறேன். ஒரு முழுக் கோழி. இரண்டு மேசைக்கரண்டி மிளகைக் கறுக்காமல் வறுத்து, நொறுங்கலாக இடித்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி. நல்லெண்ணெயில் வெங்காயம் சிவந்ததும் இஞ்சி, உள்ளிப்பூண்டு, கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீர் விட வேண்டாம், கோழியே விடும். நூலில் புளி என்று இருக்கிறது, நான் கொறுக்காய் போட்டேன். கறிவேப்பிலையோடு ரம்பை இலையும் போட்டேன், அது இங்கே வேலியிலேயே நிற்கிறது. கடைசியில் இடித்த மிளகு. அந்த இடத்தில் நூலில் ‘கல்பாசி’ என்று ஒன்று வரும். கண்டியில் கல்லுக்குப் பஞ்சமில்லை, பாசிக்கும் பஞ்சமில்லை. வீட்டுப் பின்பக்கத்து அணைச்சுவரைக் கத்தியால் சுரண்டி ஒரு சிட்டிகை சேர்த்தேன். நீங்கள் சேர்க்காதீர்கள்.

முதல் இரண்டு முயற்சிகளையும் தெருநாயே மறுத்தது. எறிந்தால் டீச்சர் காண்பார் என்று வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சமைக்கும்போது நாவலைச் சத்தமாக வாசிப்பேன். சமையல்காரருக்குத் தடித்த குரல், குற்றவாளிக்கு மெல்லிய குரல்.

இப்போது சந்தேக நபருக்கு வருகிறேன். எங்கள் வீதி முடக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், ஊர் வழக்கில் ‘நானா’. தபால்காரர் மேட்டில் ஏற மறுப்பதால் எங்கள் கடிதங்கள் எல்லாம் அவருடைய கடையில்தான் கிடக்கும். அக்காவின் கடிதத்தையும் அவர்தான் தந்தார். தரும்போது உறையைத் திருப்பி அந்தக் கோழியையோ மாட்டையோ சற்று நேரம் பார்த்தார்.

“கிழமைக்கு அரைத் தேங்காதானே எடுப்பீங்க தம்பி? இப்ப ரெண்டு எடுக்கிறீங்க.”

“பசி கூட, நானா.”

“மெலிஞ்சுதானே போறீங்க?”

கடைக்கு முன் வாங்கில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் அடிக்கடி உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். நான் போனால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். இரண்டும் இரண்டும் எத்தனை என்று எனக்குத் தெரியாதா? நானாவின் பெயரைச் சுற்றி மனதுக்குள் ஒரு வட்டமிட்டேன்.

உடனே ஒரு தந்திரம் செய்தேன். பாதிச் சாமானை வத்தேகமச் சந்தையில் வாங்கி, பையைப் பத்திரிகையால் மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அடுத்த நாளே நானா, “வத்தேகமையில வெங்காயம் நல்லமா?” என்றார். அந்தச் சந்தையில் எனக்கு வெங்காயம் நிறுத்துத் தந்தவர் அவருடைய மச்சான். என் நாவல்களில் இப்படி ஒரு வலைப்பின்னல் எந்த வில்லனுக்கும் இருந்ததில்லை.

பிறகு பார்சல் கனக்கத் தொடங்கியது. கேட்காத பருப்பு, ஒரு சவர்க்காரம், ஒரு பெட்டி பிஸ்கட். ஆறாம் பாகத்தில் நஞ்சு கலந்த லட்டு இப்படித்தான் வரும். பிஸ்கட்டைக் காகத்துக்குப் போட்டேன். காகம் சாகவில்லை, அடுத்த நாள் குடும்பத்தோடு வந்தது. அதற்கடுத்த கிழமை குழந்தைப் பிள்ளைகளுக்கான பால்மாப் பக்கற் ஒன்று இருந்தது. இதற்கு எட்டுப் பாகத்திலும் விளக்கம் இல்லை. திருப்பிக் கொடுத்தால் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? சுவர்த் தட்டில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிளகுக் கோழியின் நாலாம் முயற்சி அடுப்பிலிருந்து இறங்கிய நேரம், வாசலில் ஜீப் நின்றது. அதே சார்ஜன்ட். கையில் பட்டியல். டீச்சர் முக்காட்டை இழுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறி வந்தார். பட்டியலில் இருந்த கையெழுத்து அவருடையது.

“தனியமத?” என்றார் சார்ஜன்ட். தனியாகவா என்று.

தனியாகத்தான் என்றேன் சிங்களத்தில். அவர் சட்டியைப் பார்த்தார், நாலு பேருக்கு. தட்டைப் பார்த்தார், பால்மா. என்னைப் பார்த்தார், முப்பது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. கட்டிலுக்குக் கீழே குனிந்தார், அங்கே செருப்பு மட்டும். பின்பக்கம் எதையோ தோண்டிப் புதைத்ததாகவும், அறையில் இரண்டு ஆண்குரல் கேட்பதாகவும் தகவல் இருக்கிறதே என்றார். என் நாக்கு சிங்களத்தையும் தமிழையும் ஒன்றாக மறந்தது. புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறேன், கோழியைப் புதைத்தேன் என்று சொன்னால், அந்த வருஷங்களில் யார் நம்புவார்கள்?

அந்த நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நானா வந்து சேர்ந்தார்; சார்ஜன்ட் சொன்னதெல்லாம் படியிலேயே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவன் தன் வேலையைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவர் சிங்களத்தில் சார்ஜன்டிடம் சிரித்துக்கொண்டே பேசினார். இந்த மாத்தயா ஞாயிறில் என் கடைக்குச் சோத்துப் பார்சல் கறி சமைத்துத் தருகிறார். அதுதான் இவ்வளவு. பால்மா, டொபி மிட்டாய் செய்வதற்கு. முதல் தடவைகள் கறி நாசமாகிவிட்டது, வெட்கத்தில் புதைத்துவிட்டார்.

டீச்சரும் சேர்ந்துகொண்டார். ரெண்டு குரல் கேட்பது உண்மைதான், இந்தப் பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தைக் குரல் மாற்றி வாசிக்கிற பழக்கம் என்றார். பாடசாலையில் எத்தனையோ பொய்களைப் பிடித்த அந்த அம்மா, பொய் சொல்கிற துணிச்சலில் முகம் சிவந்து நின்றார்.

நான் திகைத்துப்போனேன். இருவரும் எனக்காகத் துணிந்து சொன்ன பொய்களில், அந்தப் பார்சலையும் டொபியையும் தவிர, எல்லாமே உண்மை. அவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

சார்ஜன்ட் கரண்டியை எடுத்து ஒரு துண்டு கோழியை வாயில் போட்டார். இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார். இதைச் சாப்பிட்டுக்கொண்டு இங்கே எவனும் ஒளிந்திருக்க மாட்டான் என்றார். பட்டியலில் ஏதோ கிறுக்கிவிட்டுப் படியிறங்கினார். என் சமையல்காரர் எட்டுப் பாகத்திலும் செய்ததை அவர் ஒரு கரண்டியில் செய்தார்.

ஜீப்பின் சத்தம் மறைந்ததும் நானா கதவைச் சாத்தினார். ‘சொல்’ என்பது அவர்களுடைய பேச்சில் ‘செல்’ ஆகும்.

“இப்ப செல்லுங்க தம்பி. எங்க வச்சீக்கிறீங்க?”

“ஆரை நானா?”

“தாயயும் புள்ளயயும். கடிதம் பொம்புளட கையெழுத்து, பின்னால புள்ள கீறின படம். நான் மடையனா? பால்மா காணுமா, இன்னும் வேணுமா?”

“ஒருத்தரும் இல்லை நானா. சத்தியமா நான் தனியத்தான் இருக்கிறன். அக்கா வரட்டோ எண்டு கேட்டவ. நான்தான்...”

“நீங்கதான் என்ன?” இது டீச்சர்.

நான் தட்டில் இருந்த பால்மாவைப் பார்த்தேன்.

“நான் வேணாம்னு செல்றன்னு எழுதினீங்களா மகன்?”

“ஓம், டீச்சர்.”

“என்னக் கேட்டா எழுதினீங்க?”

ரசத்துக்கு முன் எழுந்து போகிற ஆள் யார் என்று அப்போது எனக்கு விளங்கியது. எழுந்து போக இடம் இல்லை, கதவருகே நானா நின்றார்.

டீச்சர் கீழே போய்ப் படிவத்தை உறையோடு கொண்டுவந்தார். “நாலு வரி சும்மாதானே ஈக்கி? நாளைக்கு நானே பொலிசுக்குப் போய்ப் புதுசு எடுக்கிறன். பேர் ரெண்டயும் செல்லுங்க.” நான் சொன்னேன். பிள்ளையின் பெயரை இரண்டு தரம் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டார். ஒரு நாளும் அவரிடம் கேட்காமல், அவர் இல்லை என்று சொன்னதாக எழுதியவன் நான். இல்லாத இருவருக்காக அவர் அன்று ஜீப்பில் ஏறவும் தயாராக இருந்தார்.

நானா என் காதருகே வந்து, “நல்ல யோசன தம்பி. இப்பதான் வாற மாதிரியே வரட்டும்” என்று கண்ணைச் சிமிட்டினார்.

வவுனியாவுக்குத் தந்தி அடித்தேன். பத்து நாளில் அக்காவும் மகளும் ஒரு சூட்கேசோடு மடவளையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அக்கா என்னோடு முதல் இரண்டு நாளும் அளந்துதான் பேசினாள், அது நியாயம். மிளகுக் கோழியை ஒரு வாய் வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னாள், அதுவும் நியாயம். பிள்ளை பால்மாவைத் தொடவே மாட்டேன் என்றது. உறையில் வரைந்தது கோழியா மாடா என்று கேட்டேன். “மாமா” என்றது.

சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டியிருந்ததால், ஞாயிறுகளில் நானாவின் கடைக்குக் கறி வைத்துக் கொடுத்தோம். வைத்தது அக்கா. அவள் வெளிநாடு போன பிறகு, கொப்பியில் அவள் திருத்தி எழுதிய அளவுகளோடு நான் வைத்தேன். கல்பாசி இருந்த வரியில் குறுக்காக ஒரு கோடு கிழித்திருக்கிறாள்.

அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, நானா கடைக்கு வெளியே வந்து பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். சூட்கேசில் வவுனியாத் தூசி அப்படியே இருந்தது. பஸ் கண்டக்டர் சாட்சி. இவ்வளவும் இருந்தும் நானா என் தோளைத் தட்டினார்.

“எனக்கு முந்தியே தெரியும் தம்பி.”