எரியாத பொடி

ஆலையில் என் அக்காவுக்குச் சிவப்புக்காரி என்று பெயர். ஆள் ஒன்றும் சிவப்பில்லை, கோபம் வந்தால் மூக்கு நுனி மட்டும் சிவக்கும். வனேடேட் என்கிற ஒளிரும் பொடியைச் செய்கிறவள் அவள். தெருவிளக்குக் குமிழின் உட்புறத்தில் அதைப் பூசுகிறவன் நான். அந்தப் பூச்சு இல்லாத பாதரச விளக்கின் கீழே மணப்பெண்ணை நிறுத்தினாலும் பிணக்களைதான் தட்டும். பூசிவிட்டால் முகத்தில் ரத்தம் ஓடும்.

வெள்ளைப் பொடி, ஆரஞ்சுப் பொடி, சிவப்பைத் தருகிற சிட்டிகை யூரோப்பியம். மூன்றையும் கலந்து அரைத்து உலையில் வேகவைப்பாள். வெளியே வருவது பார்க்கச் சுண்ணாம்புதான். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அடுப்புக் கங்காகச் சிவக்கும். "எரியுது!" என்று அவள் கத்துவது என் அறைவரை கேட்கும். இத்தனை வருடத்தில் அந்தக் குரல் ஒருநாளும் சலித்ததில்லை.

வேலை முடிந்ததும் அதே இருட்டறையில் நின்று ஒருவர்மேல் ஒருவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். "என்ன அண்ணே, மூக்குக்கு லிப்ஸ்டிக்கா?" என்று ஒரே சிரிப்பாக இருக்கும். சிவந்த இடத்தைக் கழுவினால்தான் வெளியே விடுவார்கள். எங்கள் நுரையீரல்மேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள், பொடி விலை அப்படி. நாங்களோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டோம். எரியவில்லை என்றால் சுத்தம்.

ஆரஞ்சுப் பொடியை அரைக்கிறவர்களுக்கு இருமல் வரும், நாக்கு பச்சையாகிவிடும். பச்சைக்கிளி என்று கேலி செய்வோம். அக்காவும் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்பாள். நாசமாய்ப் போன சிரிப்பு.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். அக்கா வேலைக்குப் போகும்போது மகளை, எங்கள் பாப்பாவை, பக்கத்து வீட்டில் விடுவாள். அம்மா வாசனை இல்லாமல் அதற்குத் தூக்கம் வராது. அதனால் முந்தின நாள் போட்ட வேலைக் கோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். பாப்பா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் தூங்கும்.

மழைக்காலத்தில் பாப்பாவுக்கு இருமல் பிடித்தது. மழை விட்டது, இருமல் விடவில்லை. மருந்து மாற்றியும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த மாமா கத்திவிட்டார்.

"அந்தக் கோட்டை வீட்டுக்குள்ள கொண்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தினமும் விளக்கடிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டு வரேன். ஒரு பொட்டுகூட எரியல." அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், நாளைக்கு லீவுதானே? ஆலைல இருட்டறைல இருக்கிற அந்தச் சின்ன விளக்கைக் கேட்டு வாங்கிட்டு வா. உங்க மாமா கண்ணாலயே பாக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினோம். கோட்டின்மேல் விளக்கடித்தேன். தலையணை, பாய், பாப்பாவின் தலைமுடி. எங்கும் ஒரு துளி சிவப்பில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

போர்வையை இழுத்தேன். வெயில் அறைக்குள் வந்தது. பாப்பாவுக்கு விளையாட்டு முடிந்ததில் வருத்தம். இருமிவிட்டு, "மாமா, எனக்கு இங்க அடிங்க" என்று என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது.

நாக்கு பச்சையாக இருந்தது.

எரிவதெல்லாம் உலையில் வெந்த பொடிதான். வேகாத ஆரஞ்சுப் பொடி எந்த விளக்குக்கும் எரியாது. ஆலையில் அது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும், அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மிட்டாய் தின்னியாடி?" அக்கா பாப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "சொல்லு, பச்சை மிட்டாய் யாராவது குடுத்தாங்களா?"

"இல்லையே." பாப்பா அலமாரிக் கண்ணாடிக்கு ஓடி, வாயைத் திறந்து பார்த்தது. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அய்! அம்மா நாக்கு மாதிரியே!"